ஒலிபெருக்கிக்கு முன் பிறந்த குரல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் திருச்சியில் ஒரு குரலுக்கு ஓய்வே கிடையாது. வயலூர்ச் சாலையிலும், சமயபுரம் செல்லும் வழியிலும், திருவரங்கத்து அம்மா மண்டபத்துப் பக்கத் தெருமுனைகளிலும் கட்டப்பட்ட குழாய் ஒலிபெருக்கிகளில் அது விடியற்காலை தொடங்கி முழங்கும். தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்துவதில்லை. பேருந்துக்கு நிற்பவர் திரும்பிப் பார்ப்பதில்லை. காவிரியில் தண்ணீர் வருவதைப் போல அது வரும், போகும். அந்தக் குரலுக்கு உரியவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். 1980-இல் மறைந்தார். ஒரு கலைஞர் என்ற முறையில் அவரை நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்பது என் கருத்து.

இதை எழுதத் தூண்டியது ஓர் இசைப் போட்டி. இந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த அந்தப் போட்டியில் மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் தோழி ஒருத்தி பாடினாள். திறந்த தொண்டை, உயர்ந்த சுருதி. நடுவராக வந்திருந்த ஒருவர், "குரல் இருக்கிறது, ஆனால் நாடகக் கொட்டகைக் குரல். மெருகு போதாது" என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். அரங்கம் சிரித்தது. அவள் அதற்குப் பிறகு பாட வரவில்லை. நாடகக் கொட்டகைக் குரல் என்பது வசைச் சொல்லா? அப்படியானால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய குரல்களில் ஒன்றையும் அல்லவா அந்தச் சொல் வைகிறது!

சுந்தராம்பாள் 1908-இல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையான குடும்பம். சிறு வயதில் ரயிலில் பாடிப் பொருள் ஈட்டினார் என்றும், அப்படிப் பாடியபோது நடேச ஐயர் என்பவர் கேட்டு நாடக உலகுக்கு அழைத்து வந்தார் என்றும் கூறுவர். அந்த நடேச ஐயர் யார்? ரயில்வே அதிகாரியாக இருந்து, நம் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை 1914-இல் தோற்றுவித்த எப்.ஜி. நடேச ஐயரே என்பர். எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறுவனாக மேடையேறியதும் அந்தச் சபையின் நாடகத்தில்தான். கொடுமுடியைத் தொட்டுக்கொண்டு ஓடும் காவிரியும், கொடுமுடி வழியாக ஈரோடு செல்லும் ரயில் பாதையும் நம் ஊருக்கு வந்து சேர்பவை. ஆகவே இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று பெருமைப்படலாம்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லும் முறைதான் எனக்கு உறுத்துகிறது. ஏழைச் சிறுமி, வள்ளல் ஒருவர், பிறகு காதல், பிறகு துயரம், பிறகு முருகன் அருள் என்று கதை ஓடிவிடுகிறது. வள்ளலுக்குப் பங்கு, துயரத்துக்குப் பங்கு, முருகனுக்குப் பங்கு. உழைத்தவளுக்கு என்ன பங்கு? அவர் என்ன கற்றார், எங்கே கற்றார், எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்று கேட்பார் இல்லை. அடித்தளத்திலிருந்து மேலே வந்த யாருடைய கதையையும் நாம் இப்படித்தான் சொல்கிறோம். தேர்வில் தேறினால்கூட "யார் புண்ணியமோ" என்பார்கள். விடிய விடியப் படித்தவன் பெயர் கடைசியில்தான் வரும்.

அவருடைய பள்ளி ஸ்பெஷல் நாடகம். இன்றைய மாணவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். நிலையான கம்பெனி கிடையாது. நடிகர்களைத் தனித்தனியே பேசி ஒப்பந்தம் செய்து ஊருக்கு வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்று இரவு மேடையில்தான் நேருக்கு நேர் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாடல்களும் வசனமும் இருவருக்கும் மனப்பாடம். அதற்கு மேல் எல்லாம் அவரவர் சாமர்த்தியம். வள்ளி திருமணத்தில் தர்க்கம் என்றொரு பகுதி வரும். வேடனாக வந்த முருகனும் தினைப்புனம் காக்கும் வள்ளியும் பாட்டாலேயே வாதாடுவார்கள். எதிராளி எந்த ராகத்தில் எந்தக் கேள்வியைத் தூக்கிப் போடுவான் என்று தெரியாது. பதில் உடனே வரவேண்டும். ஆர்மோனியக்காரரின் சுருதியில் நிற்கவேண்டும். சொல் கடைசி வரிசைக்குப் புரியவேண்டும். புரியாவிட்டால் மண்தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பொழுது விடியும்வரை இது நடக்கும். இதைவிடக் கடுமையான இசைக் கல்லூரி எங்கே இருக்கிறது?

அன்று ஒலிபெருக்கி இல்லை என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். திறந்த வெளியில் ஒலியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். பத்து அடியில் கேட்பவனுக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான் நூறு அடியில் இருப்பவனுக்குக் கிடைக்கும். வெறுமனே கத்தினால் தொண்டை போகும், தொலைவு போகாது. மனிதக் காது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது. பயின்ற பாடகர் தம் குரலின் ஆற்றலில் ஒரு பகுதியை அந்த எல்லைக்குள் கொண்டுபோய் வைக்கிறார். தொண்டையும் வாயும் நாக்கும் எந்த வடிவில் நிற்கின்றன என்பதைப் பொறுத்து இது அமைகிறது. கணீரென்று இருக்கிறது என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கணீர் இதுதான். இது பிறவியில் வந்ததோ துயரத்தில் வந்ததோ அன்று. பல நூறு இரவுகளில் பழகியது. நடுவர் பெருமகன் எதை மெருகின்மை என்றாரோ அதுவே ஒரு மெருகு.

கிட்டப்பாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சுந்தராம்பாள் 1926-இல் கொழும்பில் சந்தித்தார். மறு ஆண்டு திருமணம். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். பிணக்குகளும் வந்தன. 1933-இல் கிட்டப்பா 27 வயதில் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அதன் பிறகு வெள்ளைப் புடவை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. உருக்கமான வாழ்க்கைதான். அந்தத் துயரமே அவர் குரலில் உருகி வந்தது என்று எழுதாதவர் இல்லை. நான் ஒன்று கேட்கிறேன். இருபதுகளில் கணவனை இழந்த பெண்கள் அந்தக் காலத்தில் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்களே! அவர்களுக்கெல்லாம் இந்தக் குரல் வரவில்லையே, ஏன்? துயரம் பாட்டுக்குப் பொருளாகலாம். பாடத் தெரிந்திருக்க வேண்டுமே. கிட்டப்பா அவருக்குத் தந்தவற்றில் பெரியது, உச்ச ஸ்தாயியில் அஞ்சாமல் நிற்கும் ஒரு போட்டி என்றே எனக்குத் தோன்றுகிறது. இருவருடைய பழைய இசைத்தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். அதற்குள் பிருகாக்கள் பொழிகின்றன. இளமையின் வேகம். சில இடங்களில் சொல்லை மிதித்துக்கொண்டு சங்கதி ஓடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1935-இல் 'நந்தனார்' படத்தில் அவரே நந்தனாராக நடித்தார். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக வந்தார். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்பது அன்று நாட்டையே வியக்க வைத்த செய்தி. படம் பெரிதாக வெற்றி பெறவில்லை. கொட்டகைக்குப் பழகிய குரலையும் உடலையும் வைத்துக்கொண்டு காமிரா முன்னால் என்ன செய்வது என்று அன்று யாருக்கும் தெரியாது. 1940-இல் 'மணிமேகலை' வந்தது. இடையில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951-இல் சென்னை மேலவை உறுப்பினரும் ஆனார். அரசியல் வாழ்வு இந்தக் கட்டுரைக்குப் புறம்பானது, விட்டுவிடுகிறேன்.

1953-இல் ஜெமினியின் 'ஔவையார்'. இங்கேதான் மாற்றம் தெரிகிறது. பின்னணிப் பாடல் முறை அதற்குள் வேரூன்றிவிட்டது. ஒலிவாங்கி உதட்டருகே வந்துவிட்டது. மெல்லப் பாடினாலும் ஊரெல்லாம் கேட்கும். ஆகவே மெல்லிய குரல்களின் காலம் பிறந்தது. அதில் தவறில்லை, அந்தக் குரல்களும் நமக்குச் செல்வமே. ஆனால் கொட்டகையில் வளர்ந்த பலர் அந்த மாற்றத்தில் காணாமற் போனார்கள். 45 வயதில் சுந்தராம்பாள் செய்தது என்ன? குரலைச் சுருக்கிக்கொள்ளவில்லை. வேகத்தைக் குறைத்தார். பிருகாக்களைப் பாதியாக்கினார். மிச்சமான இடத்தைச் சொல்லுக்குக் கொடுத்தார். ழகரமும் றகரமும் அவர் வாயில் எப்படி விழுகின்றன என்று நம் தமிழ்த் துறைப் பேராசிரியர்கள் வகுப்பிலேயே கேட்கச் செய்யலாம்.

அதன் பிறகு பத்தாண்டு கழித்து வந்தது உச்சம். 1964-இல் 'பூம்புகார்', கலைஞரின் திரைக்கதையில் கவுந்தியடிகள். பழுத்த காங்கிரஸ்காரரும் முருக பக்தருமான அம்மையார், எதிர் முகாமைச் சேர்ந்தவர் எழுதிய சமணத் துறவியாக நின்று பாடினார். ஒரே இடத்தில் தேங்கியவர் இதைச் செய்திருக்க முடியுமா? 1965-இல் 'திருவிளையாடல்'. கனிக்காகக் கோபித்துக்கொண்டு வந்துவிட்ட முருகனை ஔவை சமாதானப்படுத்தும் காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். முதலில் புகழ்கிறார், பிறகு கெஞ்சுகிறார், பிறகு பாட்டியின் உரிமையோடு சற்றே கடிகிறார், மறுபடி குழைகிறார். ஒவ்வொன்றுக்கும் குரலின் கனம் மாறுகிறது. இது என்ன? வள்ளி திருமணத்துத் தர்க்கம் அல்லவா! எதிரே இருப்பவனைப் பாட்டால் வழிக்குக் கொண்டுவரும் அதே கலை. இருபது வயதில் வள்ளியாக நின்று வேடனோடு வாதாடியவர் 57 வயதில் ஔவையாக நின்று முருகனோடு வாதாடுகிறார். 1969-ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதைத் 'துணைவன்' படத்துக்காகப் பெற்றபோது அவருக்கு வயது 61. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. அறுபதில் உச்சம் தொட்ட பாடகிகள் எத்தனை பேர்?

இதை நினைக்கும்போது அமெரிக்கக் கறுப்பினப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் நினைவு வருகிறது. அங்கே 'சோல்' இசை என்று ஒன்று உண்டு. தேவாலயத்துப் பாட்டின் உணர்ச்சியை உலகியல் பாட்டுக்குள் கொண்டுவந்த இசை. அரீதா டெட்ராய்ட் நகரில் தந்தையின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 1960 முதல் ஆறு ஆண்டுகள் கொலம்பியா நிறுவனத்தில் பல்வகைப் பாட்டுகளும் நாகரிக மெருகும் அவருக்குத் தரப்பட்டன. பெரிய வெற்றி இல்லை. 1967-இல் வேறு நிறுவனத்துக்குப் போய், தேவாலயக் குரலைத் தேவாலயக் குரலாகவே எடுத்துப் பாடினார். உலகம் எழுந்து நின்றது. 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தேவாலயம் ஒன்றிலேயே மக்கள் நடுவில் பாடிப் பதிவு செய்த 'அமேசிங் கிரேஸ்' ஆல்பம் இன்றும் பேசப்படுகிறது. அங்கே ஒரு பாடகி வளர்ந்தாள் என்றால் எந்த ஆல்பத்துக்குப் பின் எந்த ஆல்பம், எதில் என்ன மாறியது என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள்.

இங்கே நிலைமை என்ன? ஒலிநாடாவாக வந்தபோதும், குறுந்தகடாக வந்தபோதும், இன்று கைப்பேசியில் கேட்கும்போதும் சுந்தராம்பாளின் பாடல்கள் 'பக்திப் பாடல்கள்' என்ற ஒரே மூட்டையாகவே கட்டப்படுகின்றன. முப்பதுகளின் இசைத்தட்டுக்குப் பக்கத்தில் அறுபதுகளின் படப்பாட்டு. பெரும்பாலும் ஆண்டு போடுவதில்லை. இசையமைத்தவர் பெயரும் இருக்காது. 25 வயதுப் பெண்ணின் குரலும் 60 வயது மூதாட்டியின் குரலும் ஒன்றாகக் கலந்து, என்றைக்கும் கிழவியாகவே இருந்த ஒருவர் பாடியதாக ஆகிவிடுகிறது. ஆண்டு வரிசையில் அடுக்கிக் கேட்டால் ஒரு மனுஷியின் நாற்பது வருட உழைப்பு தெரியும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். நம் விடுதி அறையில் மூன்று பேர் சேர்ந்து அப்படி ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறோம்.

அவர் பாடியதெல்லாம் பொன் என்று நான் வாதாடவில்லை. 'திருவிளையாடல்' வெற்றிக்குப் பின் படத்துறையினர் அவரை ஔவையாகவும் மூதாட்டியாகவும் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். அவற்றில் சில அலுப்பூட்டுபவை. பழைய கம்பீரத்தின் நகல்கள். அந்தக் குறையில் பெரும்பங்கு அவரைச் சேராது, ஒரு வெற்றியைக் கண்டால் அதையே அரைத்துக்கொண்டிருக்கும் தொழிலைச் சேரும். கர்நாடக இசை விற்பன்னர்கள் அவரிடம் ராக விரிவு குறைவு என்பார்கள். நாடகமேடை ராக விரிவுக்கு இடம் கொடுத்தது, ஆனால் கதை நின்றுவிடக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. கதை சொல்லும் இசைக்கு வேறு இலக்கணம் உண்டு. வில்லுப்பாட்டுக்காரரிடம் போய்த் தானம் பாடவில்லையே என்று கேட்பது முறையாகுமா?

முத்தமிழ் மன்றத்துப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இசைப் போட்டியில் ஒரு சுற்றை ஒலிவாங்கி இல்லாமல் நடத்துங்கள். நம் கல்லூரிப் பெரிய கூடத்தில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, நடுவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். சொல் புரிகிறதா என்பதற்கும் மதிப்பெண் இருக்கட்டும். மணப்பாறைத் தோழியிடம் நானே சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறாள்.