வேட்டித் திரையில் கண்ட யுத்தம்



நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கொன்றின் குருமனையில், ஒடிந்த மெழுகுவர்த்தித் தண்டுகளும் மூக்குடைந்த சுரூபங்களும் போட்டு வைத்திருந்த அறையில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. மேலே புகைபோக்கி, உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு வைக்குமிடம், முன்புறம் பித்தளைக் குழலில் பூதக்கண்ணாடி. அருகிலிருந்த மரப்பெட்டியில் உள்ளங்கையளவான கண்ணாடித் துண்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆண்டவருடைய பாடுகளின் காட்சி ஒன்று வரையப்பட்டிருந்தது. மாஜிக் லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த பட விளக்கு அதுவே. வேதபோதகர்கள் ஊர் ஊராக அதைச் சுமந்து சென்று, இரு மரங்களுக்கிடையே வேட்டியைக் கட்டி, இருட்டிய பின் படம் காட்டினார்கள். 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஆண்டவருடைய சரித்திரத்தை ஓடும் படமாகவே கொண்டு வந்து ஊர் ஊராகக் காட்டத் தொடங்கிய பின், நிற்கும் படத்துக்கு மவுசு குறைந்தது.

அப்பெட்டியின் நினைவு நமக்குச் சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளன்று குந்தாரப்பள்ளியில் வந்தது. நடந்ததைச் சொல்லுமுன் அவ்விளக்கின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்விளக்கு பிறந்த நாள் முதல் மரணத்தோடு உறவு கொண்டது. 1659-இல் ஹாலந்து தேசத்து விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹைகன்ஸ் இதற்கென வரைந்த முதற் படங்களில் இருப்பது, தன் தலையைத் தானே கழற்றும் ஓர் எலும்புக்கூடு. சேசு சபைக் குருவான அத்தனாசியுஸ் கிர்ஷெர் 1671-இல் வெளியிட்ட நூலில் சுவரில் விழுவதாகக் காட்டப்பட்டிருப்பது, உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் நிற்கும் ஓர் ஆன்மா. (அச்சித்திரத்தில் கண்ணாடி நேராகவே செருகப்பட்டிருக்கிறது. தலைகீழாகச் செருகினால்தான் திரையில் படம் நேராக விழும் என்பது கையால் செருகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

இவையெல்லாம் மனிதர் கற்பித்து வரைந்த மரணங்கள். உண்மையாகவே மாண்டவர்களின் உடல்களைத் திரைக்குக் கொண்டு வந்தவை அமெரிக்க உள்நாட்டுப் போரின் படங்கள். 1861 முதல் 1865 வரை வட மாநிலத்தாரும் தென் மாநிலத்தாரும் பொருத அப்போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அக்காலத்துப் புகைப்பட முறையில், ஈர மருந்து பூசிய கண்ணாடித் தகட்டைக் காமிராவில் வைத்துச் சில விநாடிகளாவது திறந்திருக்க வேண்டும். ஓடும் குதிரையையும் சுடும் வீரனையும் அது பிடிக்காது. ஆகவே படம்பிடிப்போர் இருட்டறை வண்டியைக் குதிரைகள் இழுக்க, சண்டை ஓய்ந்த பின்னரே களத்துக்குச் சென்றார்கள். அசையாமல் கிடந்தவர்கள் தெளிவாக விழுந்தார்கள்.

1862 அக்டோபரில், ஆண்டீட்டம் என்னுமிடத்தில் மடிந்தவர்களின் படங்களை மாத்யூ பிராடி நியூயார்க்கிலுள்ள தமது கூடத்தில் வைத்தபோது கூட்டம் திரண்டது. அதைப் பார்த்து எழுதிய நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளருக்கு ஓர் அச்சம் உண்டாயிற்று. குனிந்து நோக்கும் பெண்களில் ஒருத்தி அவ்வரிசையில் தன் கணவனையோ மகனையோ சகோதரனையோ கண்டுகொள்ளும் வேளையில் தாம் அக்கூடத்தில் இருக்க விரும்பவில்லை என்ற கருத்துப்பட அவர் எழுதினார்.

ஒளிப்படத்தைக் கண்ணாடியிலேயே பதித்து விளக்கில் செருகும் வழியை, பிலடெல்பியாவின் லாங்கன்ஹைம் சகோதரர்கள் 1850-இலேயே கண்டிருந்தார்கள். போர் முடிந்து சில பத்தாண்டுகள் சென்றதும், ஹார்ட்ஃபோர்ட் நகரில் போர்ப் படங்களை விற்கவும் காட்டவுமென்றே ஒரு கம்பெனி நடந்தது. நரைத்த வீரர்கள் தங்கள் சங்கக் கூடங்களில் விளக்கை ஏற்றி, ஒருவர் கோலால் சுட்டிக்காட்டிப் பேச, மற்றவர்கள் தங்கள் இளமையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோசப் பாக்ஸ் பீல் போன்ற ஓவியர்கள் விளக்குக்கென்றே வரைந்த காட்சிகளும் உண்டு. அவற்றில் கொடி பறக்கும், வாள் மின்னும். ஒளிப்படத்தில் இருந்ததோ வேலியோரத்தில் உப்பிக் கிடந்த உடல். மக்கள் எதை அதிகம் விரும்பியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டுவதில்லை.

பிராடியின் முடிவு நம்மை வருத்துகிறது. போருக்காகத் தம் செல்வத்தையெல்லாம் செலவிட்ட அவர் கடனில் மூழ்கினார். 1875-இல் அரசு 25,000 டாலருக்கு அவருடைய தகடுகளை வாங்கியும் அவர் மீளவில்லை. கடைசியில் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் தம் போர்ப் படங்களைப் பட விளக்கில் பெரிதாகக் காட்ட ஏற்பாடு செய்தார். 1896 ஜனவரி 30 அதற்குக் குறித்த நாள். ஜனவரி 15-ஆம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனார்.

இனி நமக்கு உறுத்தலான செய்தி. கெட்டிஸ்பர்க் களத்தில் 1863 ஜூலையில் எடுத்த படங்களை அலெக்சாண்டர் கார்ட்னர் 1866-இல் நூலாக வெளியிட்டார். அதில் பாறைச் சுவரோரம் துப்பாக்கியுடன் கிடக்கும் தென்னாட்டு வீரனின் படம் புகழ்பெற்றது. அவ்வுடல் வேறோர் இடத்திலிருந்து தூக்கி வந்து கிடத்தப்பட்டது என்பதை வில்லியம் ஃப்ராசனிட்டோ என்னும் ஆராய்ச்சியாளர் 1975-இல் விளக்கினார். அதனினும் கொடிது, அடுத்தடுத்த இரு பக்கங்களில் உள்ள இரு படங்கள். ஒன்றின் கீழ் மாண்டவர்கள் எதிரிகள் என்று எழுதியிருக்கிறது; மற்றதன் கீழ் நம்மவர் என்று எழுதியிருக்கிறது. இரண்டிலும் கிடப்பவர்கள் அதே மனிதர்கள். காமிரா மறுபுறம் சென்று நின்றது, அவ்வளவே. பெயரற்றுக் கிடந்த அவர்கள் எழுதுபவன் சொன்ன கட்சியில் சேர்ந்தார்கள்.

குந்தாரப்பள்ளியை அறியாத வாசகர் இரார். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில், வெள்ளிக்கிழமை தோறும் ஆடுமாட்டுச் சந்தை கூடும் ஊர். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். நம் இளைஞர்கள் ஓசூர்த் தொழிற்சாலைகளில் முறை வைத்து வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் கல்லறைத் திருநாளன்று ஒரு வீட்டு முற்றத்தில் நடந்த அன்பியச் செபத்தில், இலங்கைப் போரில் இறந்தவர்களுக்காகவும் வேண்ட விரும்பினார்கள். 2009-இல் அப்போரின் கடைசி மாதங்களில் எடுத்த படங்களைக் கணினியில் தொகுத்து, கொடியில் வேட்டி கட்டிக் காட்டப்போவதாகச் சொன்னார்கள். நல்ல எண்ணமே என்று கருதி நாமும் அனுமதித்தோம். படங்களை முன்கூட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர் யாரென்று கேட்கவுமில்லை.

அக்கூட்டத்தில் முகாமில் வளர்ந்து, இப்போது கம்பெனி உணவுக்கூடமொன்றில் வேலை செய்யும் ஒரு சகோதரி இருந்தார். பத்துப் பன்னிரண்டு படங்கள் கடந்திருக்கும். அவர் எழுந்து திரையருகே சென்று நின்றார். விளக்கொளி அவர் முதுகிலும் தலையிலும் விழுந்தது. கீழே கிடந்த ஒருவருடைய முகம் இருந்த இடத்தில் துணியை விரலால் இழுத்துச் சுருக்கம் நீக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது எந்த இடம்? எந்தத் திகதி எடுத்தது?"

படம் போட்ட இளைஞன் புதுமாத்தளன் என்றான். அருகிலிருந்தவன் தன் கைப்பேசியில் அதே படம் முள்ளிவாய்க்கால் என்ற குறிப்போடு வந்திருப்பதைக் காட்டினான். இன்னொருவன், அது இலங்கையே அன்று, வேறு தேசத்துப் போர் என்று படித்ததாகச் சொன்னான். அனுப்பியவர் யார், எடுத்தவர் யார், ஒருவருக்கும் தெரியவில்லை. அச்சகோதரி நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

"சாமி, எங்கட அண்ணையை 2009-இல இருந்து தேடுறம். ஆரெண்டு தெரியாமலே படத்தைப் போடுறியள்."

நாம் கணினியை அணைக்கச் சொன்னோம். அன்று செபமாலையை நாம் தொடங்கியபோது நம் குரல் நமக்கே கேட்கவில்லை. பெருஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

மறுவாரம் இளைஞர்கள் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார்கள். அவர் தேநீர் கொடுத்து அனுப்பினாராம். படம் காட்டக்கூடாதென்று அவர் சொல்லவில்லை. அடுத்த முறை எல்லாவற்றையும் முதலில் தமக்குக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் இப்போது ஒவ்வொரு படத்தின் மூலத்தையும் தேடி எழுதி வருகிறார்கள். நாற்பதில் ஏழுக்குத்தான் இடமும் நாளும் உறுதியாகக் கிடைத்திருக்கின்றன. மற்றவற்றை ஒதுக்கிவிட்டார்கள்.

இம்மாதம் வழக்கம்போல் பூசைக் கருத்துகளுக்காகப் பெயர் எழுதி வாங்கினோம். அச்சகோதரியும் ஒரு துண்டுத் தாளில் தம் அண்ணனின் பெயரை எழுதித் தந்தார். எந்தப் பட்டியலில் சேர்ப்பது, இறந்தோரிலா இருப்போரிலா என்று கேட்டோம். நெடுநேரம் நின்றார். இரண்டிலும் வேண்டாம், இரண்டையும் வாசித்து முடித்த பிறகு தனியாக வாசியுங்கள் என்றார். அப்படியே வாசித்து வருகிறோம்.