மட்கார்டு மாட்டாத மகான்கள்

பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக வெற்றிலை எச்சிலைத் துப்புகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? துப்பியவர் சட்டை வெள்ளை வெளேரென்று இருக்கும். இரண்டு சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சட்டைதான் சிவக்கும். கேட்டால், "நான் வெளியேதானே துப்பினேன்?" என்பார்.

அந்த ஆசாமியைக் கும்பகோணம் பஸ்ஸோடு விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை மக்களே, அவர் இங்கிலாந்திலும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் விலை உயர்ந்த கார்பன் சைக்கிளில், மட்கார்டு இல்லாமல், எனக்குச் சரியாக முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நான் படிக்க வந்திருப்பது நார்விச். ஊரைத் தாண்டினால் வயல்கள், ஒரு கார் மட்டுமே போகக்கூடிய குறுகிய கிராமச் சாலைகள். ஞாயிறு காலை பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து அறுபது எழுபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிவிட்டு, நடுவில் ஓரிடத்தில் டீயும் கேக்கும் சாப்பிட்டுத் திரும்புவோம். இந்த ஊரில் இது ரொம்பப் பழைய பழக்கம். இப்போது சைக்ளிங் யுகே என்ற பெயரில் இருக்கும் சங்கம் 1878-லேயே ஆரம்பிக்கப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டமாக ஓட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் ஒட்டிக்கொண்டு போனால், நமக்கு உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம். முறைவைத்து முன்னால் போவோம். நீ எனக்குக் காற்றை மறை, நான் உனக்கு மறைக்கிறேன். மொத்தத்தில் இது ஒரு கூட்டுறவு சங்கம்.

வெயில் காலத்தில் எல்லாம் சுகம். பிரச்சினை அக்டோபருக்கு மேல்தான். இங்கே சர்க்கரைப் பீட்ரூட் அறுவடை இலையுதிர் காலத்தில் தொடங்கி, குளிர்காலம் முழுக்க நடக்கும். டிராக்டர் வயலைவிட்டு ஏறும்போது பாதி வயலும் கூடவே ரோட்டுக்கு ஏறிவிடும். அதன் மேல் மழை. பனி உறையாமல் இருக்கப் பெரிய சாலைகளில் தூவும் உப்பு வேறு. மாடு கடந்துபோன இடமென்றால் அதுவும் சேர்த்தி. இந்தக் கலவையில் பத்து சைக்கிள்கள் மணிக்கு முப்பது கிலோமீட்டரில், ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகின்றன.

மெக்கானிக்கல் நண்பர்கள் கொஞ்சம் கணக்குப் போடட்டும். மணிக்கு 30 கி.மீ. என்றால் நொடிக்கு 8.3 மீட்டர். டயரில் ஒட்டிய தண்ணீர் அதே வேகத்தில் தொடுகோட்டுத் திசையில் பிய்த்துக்கொண்டு போகும். சக்கரத்தின் பின்விளிம்புக்கு மேலே பிய்த்துக்கொண்டால் முன்பக்கமாக மேல் நோக்கிப் போய், ஓட்டுகிறவரின் முதுகில் கோடு போடும். அது அவர் பாடு. ஆனால் தரைக்கும் பின்விளிம்புக்கும் நடுவில் பிய்த்துக்கொள்ளும் தண்ணீர் இருக்கிறதே, அது பின்பக்கமாக மேல் நோக்கிப் பாயும். 45 டிகிரியில் கிளம்பிய துளி, காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒன்றரை மீட்டர் தள்ளி ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஹேண்டில்பார் மேல் குனிந்தபடி பின்னால் வருகிறவனின் முகம் கிட்டத்தட்ட அதே தூரம், அதே உயரம். எதிர்க்காற்று வேறு அதை இன்னும் பின்னால் தள்ளும். குறி பார்த்து அடித்தாலும் இவ்வளவு சரியாக அடிக்க முடியாது!

போன வருடம் நவம்பரில் எனக்கு இதுதான் நடந்தது. முன்னால் போனவர் சைக்கிளில் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு மட்டும் செருகியிருந்தது. நான் சோடாபுட்டி கண்ணாடிக்காரன். பதினைந்தாவது கிலோமீட்டரில் கண்ணாடி முழுக்கச் சேறு. துடைத்தால் அப்பிக்கொண்டது. கழற்றினால் கண்ணுக்குள் போனது. ஒன்றும் தெரியாமல் அனிச்சையாக லேசாகப் பிரேக் பிடித்தேன். எனக்குப் பின்னால் வந்த முதலாண்டு மாணவிக்கும் முகமெல்லாம் சேறுதான். நான் வேகம் குறைத்தது அவளுக்குத் தெரியவில்லை. அவள் முன்சக்கரம் என் பின்சக்கரத்தில் உரச, அடுத்த நொடி கீழே கிடந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிவு. அது அவளுக்கு இரண்டாவது ஞாயிறு. அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

முன்னால் போனவர் திரும்பி வந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். நல்ல மனிதர்தான். அவர் முகம் மட்டும் பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

அன்றைக்கு டீக்கடையில் நடந்த பேச்சில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மட்கார்டு மாட்டுவதும் மாட்டாததும் அவரவர் விருப்பம்" என்றார்கள். அவரவர் விருப்பமா?

அந்தப் பிளாஸ்டிக் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது யாரைக் காப்பாற்றுகிறது? மாட்டியவரின் பின்புறத்தை மட்டும். பின்னால் வருகிறவனுக்கு அதனால் ஒரு சொட்டுப் பயன் கிடையாது. அதாவது தன் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் அசிங்கமானது என்றும் தெரிந்திருக்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செலவும் செய்திருக்கிறார். அதோடு கணக்கை முடித்துவிட்டார். ஒன்றுமே மாட்டாதவரைக்கூட மறதிக்காரர் என்று மன்னித்துவிடலாம். இவரை என்ன செய்வது?

மட்கார்டு ஹெல்மெட் மாதிரி இல்லை. ஹெல்மெட் போடாவிட்டால் உடைவது என் மண்டை. என் பின்சக்கர மட்கார்டு காப்பாற்றுவது உன் கண்ணை. தனியாகப் போகிறாயா, தாராளமாக மட்கார்டு இல்லாமல் போ. முதுகில் சேற்றுக்கோலம் போட்டுக்கொண்டு வா. எவனும் கேட்கமாட்டான். பின்னால் ஒருவன் வந்துவிட்டால் அது உன் சொந்த விஷயமில்லை.

இனி, நான் கேட்ட சாக்குகள் ஒவ்வொன்றாக.

"என் சைக்கிளில் மாட்ட இடமில்லை." சில வருடங்களுக்கு முன்புவரை இது ஓரளவு நியாயம். பழைய ரேஸ் பிரேம்களில் டயருக்கும் பிரேக்குக்கும் நடுவே விரல்கூட நுழையாது. இப்போது டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. 2018-லிருந்து ரோடு ரேஸ்களிலேயே அனுமதி உண்டு. சக்கரத்துக்கு மேல் இருந்த பிரேக் போனதும் இடமும் தாராளமாகிவிட்டது. நிறைய பிரேம்களில் மட்கார்டு மாட்டத் துளையும் வைத்தே விற்கிறார்கள். துளை இல்லாத சைக்கிளுக்கு ரப்பர் பட்டையால் கட்டும் வகை இருக்கிறது. தேடுகிறவனுக்குக் கிடைக்கும்.

"கனம்." இரண்டு சக்கரத்துக்கும் முழு மட்கார்டு போட்டால் அரைக் கிலோ வரும். டீக்கடையில் அந்த கேக்கைப் பாதியோடு நிறுத்துங்கள், சரியாகிவிடும்.

"அழகாக இல்லை." முகமெல்லாம் சாணியோடு நின்றுகொண்டிருந்த என்னிடம் ஒருவர் இதைச் சொன்னார். நான் ஙே என்று விழித்தேன்.

"மழையில் எப்படியும் நனையத்தானே போகிறோம்?" மழைத் தண்ணீரும் ரோட்டுத் தண்ணீரும் ஒன்றா? சேறு கண்ணோடு நிற்பதில்லை, தண்ணீர் பாட்டிலின் மூடியிலும் படிகிறது. அதைத்தான் வாயில் வைத்து உறிஞ்சுகிறோம். 2007-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த ஒரு மலை சைக்கிள் போட்டியிலும், 2008-ல் வேல்ஸில் பில்த் வெல்ஸ் என்ற ஊரில் நடந்த போட்டியிலும் கலந்துகொண்டவர்கள் கூட்டம் கூட்டமாக வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். கேம்பிலோபேக்டர் என்ற கிருமி. வாய்க்குள் போன சேறுதான் வழி என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அவை காட்டுப்பாதைப் போட்டிகள், சேறும் அதிகம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நார்விச் மாடு ரோட்டைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு போவதில்லை.

கடைசியாக ஒரு வாதம். இது சாக்கு இல்லை, நிஜமான கேள்வி. "மட்கார்டு கட்டாயம் என்று விதி போட்டால் புதிதாக வருகிறவர்கள், காசில்லாத மாணவர்கள் வரமாட்டார்களே?" நானும் காசில்லாத மாணவன்தான். ஒரு நல்ல மட்கார்டு ஜோடி முப்பது நாற்பது பவுண்டு. அது எனக்கு ஒரு வாரச் சாப்பாடு. அதனால் இதை யோசிக்காமல் தள்ளிவிட முடியாது.

ஆனால் சுற்றிப் பார்த்தேன். மட்கார்டு இல்லாமல் வருவது யார்? காசில்லாதவர்களா? செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் பழைய சைக்கிளில் மட்கார்டு இருக்கிறது. டிராக்டர் மாதிரி சத்தம் போடும் பெரியவர் ஒருவரின் முப்பது வருடச் சைக்கிளில் இருக்கிறது. குளிர்காலத்துக்கென்று மட்கார்டோடு ஒரு பழைய சைக்கிளைத் தனியாக வைத்துக்கொள்வதுதான் இங்கே பெரியவர்களின் வழக்கம். இல்லாமல் வருவது என் ஒரு வருட வாடகைக்குச் சமமான விலையில் சைக்கிள் வைத்திருப்பவர்கள். விதி வந்தால் ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்று கவலைப்பட்டவர்களும் அவர்களேதான்! விதி இல்லாததால் ஒரு புது ஆள் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு போனது மட்டும் அந்தக் கவலைக் கணக்கில் வரவில்லை.

இன்னொரு சமரசமும் சொல்கிறார்கள். மட்கார்டு இல்லாதவர் வரிசையில் கடைசியாக வரட்டுமாம். கடைசி இடம்தான் காற்றே படாத சொகுசு இடம். அடுத்தவன் முகத்தில் சேறு அடிப்பவருக்கு நாள் முழுக்க இலவச சவாரி பரிசா? முதல் முறை வருகிறவருக்குத் தெரியாது, அவர் கடைசியில் வரட்டும், சந்தோஷம். மூன்றாவது குளிர்காலம் ஓட்டுகிறவருக்கு அது பொருந்தாது.

எனவே நான் கேட்பது இதுதான். நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டமாக ஓட்ட வருகிறவர்கள் பின்சக்கரத்துக்கு முழு மட்கார்டு மாட்ட வேண்டும். அதன் முனையில் தொங்கும் மடல் தரைக்கு ஒரு சாண் உயரத்துக்குள் வர வேண்டும். (மடல் ரொம்ப முக்கியம். மட்கார்டு அச்சு உயரத்தோடு நின்றுவிட்டால், மேலே சொன்ன அந்த 45 டிகிரி துளி தாராளமாகத் தப்பித்து வரும்.) புதியவர்களுக்குக் கொடுக்கக் குழுவின் கையில் இரண்டு மூன்று ஜோடி இரவல் மட்கார்டுகள் இருக்க வேண்டும். இரண்டு வாரம் இரவல், பிறகு சொந்தம். இவ்வளவுதான்.

இதை எழுதும்போது அப்பாவின் ஹெர்குலிஸ் ஞாபகம் வருகிறது. முன்னும் பின்னும் தகர மட்கார்டு, பின் மட்கார்டின் முனையில் வெள்ளை பெயின்ட், அதற்குக் கீழே ரப்பர் மடல். சேறும் சகதியுமான ஐப்பசி மாதத்தில் என்னை கேரியரில் வைத்து ஸ்கூலுக்குக் கொண்டுபோவார். யூனிஃபார்மில் பொட்டுச் சேறு பட்டதில்லை. அந்த ஹெர்குலிஸ் பெயர் 1910-ல் பர்மிங்காமில் பிறந்தது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் மூலமாக அம்பத்தூருக்கு வந்தது. மட்கார்டோடு சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குக் காட்டியதே இந்த ஊர்க்காரர்கள்தான். இப்போது தஞ்சாவூர்ப் பையன் வந்து அதை அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஹூம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எழுந்து நின்று சொல்லப்போகிறேன். திட்டு விழும். பரவாயில்லை, முகத்தில் விழுந்ததைவிட அது சுத்தமாகத்தான் இருக்கும்.

பி.கு.: மடல் வாங்கக் காசில்லையென்றால், காலி பிளாஸ்டிக் பால் கேனை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மட்கார்டு முனையில் இரண்டு துளை போட்டு, பிளாஸ்டிக் டையால் கட்டிவிடுங்கள். என்னுடையது அப்படித்தான் இருக்கிறது. பார்க்கச் சகிக்காது. பின்னால் வருகிறவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.