இளைப்பாறலும் ஓய்தலும்

உத்தியோகத்தினின்றும் நீங்கியவரை எம் முன்னோர் 'இளைப்பாறியவர்' என்றனர். அவர் மாதந்தோறும் பெறும் பணத்தை 'இளைப்பாற்றுச் சம்பளம்' என வழங்கினர். இற்றைநாளில் 'ஓய்வு பெற்றவர்' என்றும் 'ஓய்வூதியம்' என்றும் கூறுகின்றோம். இவை ஒருபொருட் சொற்களே என்று மாணாக்கர் கருதுவர். யானும் நெடுங்காலம் அவ்வாறே கற்பித்து வந்தேன். அவற்றிடையே உள்ள வேறுபாட்டை எனக்குக் கற்பித்தது 2020ஆம் ஆண்டில் வந்த கொரோனாப் பெருந்தொற்று.

இளைப்பாறுதல் வழிநடப்போன் செயல். வெயிலில் நடந்து களைத்தவன் சுமைதாங்கியிற் சுமையை இறக்கிவைத்து, மரநிழலிற் சிறிது பொழுது அமர்கிறான். இளைப்பு ஆறியதும் எழுந்து நடக்கிறான். ஓய்தலோ, மழை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது என்றாற்போல, முடிந்தொழிதலைக் குறிப்பது. ஓய்வு என்பதற்குக் களைப்பு நீக்கம் என்னும் பொருளும் உண்டன்றோ எனின், உண்டு. சொல்லின்மேல் எனக்கு வழக்கில்லை. முதியோரைப் பற்றிய நம் எண்ணம் முதற்பொருளை விட்டு இரண்டாம் பொருளுக்குப் பெயர்ந்துவிட்டதே என்பதுதான் என் கவலை.

2020 மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பாடசாலைகள் அதற்கு ஒரு வாரம் முன்னரே மூடப்பட்டிருந்தன. முதியோர் வீட்டை விட்டு வெளிவரலாகாது என்று வைத்தியர்கள் அறிவுறுத்தினர். அவ்வறிவுரை தக்கதே. இலங்கையில் இந்நோயால் இறந்தோர் 16,000க்கும் மேற்பட்டவர். அவருட் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர். ஆகவே காத்தவர்களைக் குறை கூறுதல் நன்றியன்று. எனினும், உயிரைக் காத்தபோது வேறொன்றைக் காக்க மறந்தோம்.

என் அயல்வீட்டில் இளைப்பாறிய கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அப்போது அவருக்கு 74 வயது. உத்தியோகம் விட்ட நாள்முதல் மாலைதோறும் அயற்பிள்ளைகளைத் தம் வீட்டு விறாந்தையில் இருத்தி, வேதனம் பெறாது கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். ஊரடங்கோடு அது நின்றது. அவருக்கு யாதொரு குறையும் இல்லை. மாதாந்த மருந்தைத் தபாற்காரர் கொணர்ந்தார். அரிசி பருப்பு படலைக்கு வந்தன. கனடாவிலுள்ள மகன் நாடோறும் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, ஒரு இடமும் போகாதேங்கோ, பேசாமல் இருங்கோ" என்றார். அவரும் பேசாமலே இருந்தார். இரண்டு மாதத்தில் முகம் மழிப்பதை விட்டார். பத்திரிகை படிப்பதை விட்டார். இன்று என்ன கிழமை என்று மனைவியை மீண்டும் மீண்டும் வினவலானார். ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று என்னை அழைத்து, "பண்டிதர், வருத்தம் வந்து சாகிறது ஒருக்கால்தான், சும்மா இருந்தால் ஒவ்வொரு நாளும் சாகவேணும்" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

என் அம்மான் ஒருவரும் அவ்வூரினரே, வயதில் இவருக்கும் மூத்தவர், தோட்டக்காரர். பயிர்த்தொழில் செய்வோர்க்கு ஊரடங்கிலும் அனுமதி இருந்தது. விடியுமுன் எழுந்து, தனியே சென்று வெங்காயத்துக்கு நீர் இறைத்துத் திரும்புவார். விளைந்ததை விற்க வழியின்றி அயலார்க்குப் பகிர்ந்து கொடுத்தார். பொருள் நட்டந்தான், ஆயினும் அவர் நன்றாக உண்டார், நன்றாக உறங்கினார். நோய்க்கு இருவரும் ஒருபடியாகவே அஞ்சினர். வேற்றுமை யாதெனின், அம்மானை ஒரு பாத்தி வெங்காயம் எதிர்பார்த்திருந்தது. வாத்தியாரை எதிர்பார்ப்பார் ஒருவரும் இலர்.

ஆயின் முதியோர்க்கு உழைப்பே மருந்து என்று எளிதிற் சொல்லிவிடலாகாது. எங்கள் சந்தையிற் கீரை விற்கும் மூதாட்டி ஒருவர், ஊரடங்கு தளர்த்தப்படும் சில மணி நேரத்துள் கடகத்தைச் சுமந்துகொண்டு சனநெருக்கடியில் ஓடினார். அரசாங்கம் வறிய முதியோர்க்கு அளித்த 5,000 ரூபா அவருக்கும் கிடைத்தது. அது எத்துணை நாளைக்குப் போதும்? அவரை நோயின் வாய்க்கு அனுப்பியது பசி. அவரிடம் சென்று உழைப்பின் மேன்மையைப் பேசுதல் கொடுமை. பின்னொரு நாள், போதிய பணம் கிடைத்தால் வீட்டில் இருப்பீர்களா என வினவினேன். "இருப்பன் தம்பி. ஆனால், சந்தைக்கு வாறது காசுக்கு மட்டுமே?" என்றார். இவ்விரண்டு வாக்கியங்களுள் முதலாவதைக் கேளாதவர் இரக்கமில்லாதவர்; இரண்டாவதைக் கேளாதவர் முதுமையை அறியாதவர். பசி முதியோரைத் தொழிலுக்குத் துரத்தலும் ஆகாது. பாதுகாப்பென்று சொல்லிக் கதவைச் சாத்தலும் ஆகாது.

அரசாங்கம் இதனை ஆண்டுக்கணக்காகவே நோக்குகின்றது. 2021 நவம்பரிற் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியர் இளைப்பாறும் வயதை 65 ஆக உயர்த்தியது. மறுவருடமே அது மீண்டும் 60 ஆயிற்று. இருமுறையும் யான் கேட்ட வாதங்கள் செலவைப் பற்றியனவும் இளைஞர் வேலைவாய்ப்பைப் பற்றியனவுமே. இளைஞர்க்குப் பதவி வேண்டும், அதனை மறுப்பேனல்லேன். யானும் சில ஆண்டுகளில் என் நாற்காலியை ஒருவருக்கு விடவேண்டியவனே. ஆனாற் பதவி வேறு, பணி வேறு. பதவியை விட்டவர் மறுநாட் காலையில் எதற்காக எழுவார் என்பது கேட்கத்தக்க வினாவன்றோ? மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியை விட்டு நீங்கியது 1919இல். தம் வரலாற்றை வாரந்தோறும் எழுதத் தொடங்கியது 1940இல், 85ஆம் வயது நடக்கையில். அவர் ஓய்ந்திருந்தால் நாம் இழந்திருப்பது எத்துணை!

வாத்தியாருக்கு யான் செய்தது பெரிதொன்றுமில்லை. பாடசாலை இன்றித் தவித்த அயற்பிள்ளைகள் மூவரை, மாலையில் ஒருவர்பின் ஒருவராக அவரைத் தொலைபேசியில் அழைக்குமாறு ஏற்பாடு செய்தேன். கணக்கை அவர் வாயாற் சொல்வார். பிள்ளை எழுதி விடையைப் படிக்கும். முதல்நாள் ஒலி சரியாகக் கேளாமல் சினந்துகொண்டார். மூன்றாம் நாட் காலையில் வேலிக்கு அப்பால் அவரைக் கண்டேன். முகம் மழித்திருந்தார். இன்று வியாழக்கிழமை, பின்னக் கணக்கு என்றார். மூவரும் தேறினரா என வினவுவோர்க்கு, இருவர் தேறினர். ஒருவன் இன்னும் பின்னத்தில் இடறுகிறான். வாத்தியார் அவனை விடுவதாயில்லை என்பேன்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையில் இளைப்பாறியோர் பெயர்கள் எங்கே உள்ளன? பரிசளிப்பு விழாவிற்கு அழைப்பதற்காக மட்டும் அப்பட்டியலை வைத்திராதீர்கள். எந்தப் பிள்ளைக்கு எவர் உதவக்கூடும் என்று அதனருகே குறித்து வையுங்கள். கொள்ளைநோய் இதுவே இறுதியன்று. இன்னொன்று வருங்கால், முதியவர் வீட்டுக்கு மருந்துப் பொதியைக் கொண்டுசெல்லும் கையில், திருத்துவதற்கு ஒரு கணக்குக் கொப்பியும் இருக்கட்டும்.