ரமளான் ஆணையும் முஹர்ரம் ஆணையும்: கிலாஃபத் வீழ்ந்தது எங்கே?



ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 3 நெருங்கும்போது நம் குடும்பங்களின் கைபேசிகளில் ஒரே வகையான செய்திகள் வந்து குவிகின்றன. 1924ஆம் ஆண்டு அதே நாளில் துருக்கி நாடாளுமன்றம் கிலாஃபத்தை ஒழித்தது. அதற்குக் காரணம் ஒரு தனிமனிதரின் துரோகம் என்றும், அவருக்குப் பின்னால் இரகசியச் சபைகளின் சூழ்ச்சி இருந்தது என்றும் அச்செய்திகள் சொல்கின்றன. பயான் மேடைகளிலும் இதுவே முழங்கப்படுகிறது. கேட்பவர் கண்கலங்கி வீடு திரும்பி, பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறார்.

இதை வரலாறு என்று ஏற்க நாம் மறுக்கிறோம். 1924இல் நடந்தது அடக்கம். உயிர் பிரியத் தொடங்கியதோ அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, வணிக ஒப்பந்தங்களிலும் கடன் பத்திரங்களிலும்!

மேடைகளில் மிகவும் விரும்பிச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். சியோனிச இயக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்சல் 1901 மே மாதம் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைச் சந்தித்தார். உஸ்மானிய அரசின் கடன் சுமையைத் தீர்க்க உதவுவதாகவும், அதற்கு ஈடாக ஃபலஸ்தீனில் யூதர் குடியேற உரிமை வேண்டும் என்றும் அவர் முயன்றார். சுல்தான் ஃபலஸ்தீனைக் கொடுக்கவில்லை. இது உண்மை, சுல்தானுக்குரிய பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் இதைச் சொல்லும் சொற்பொழிவாளர்கள் அடுத்த கேள்வியை ஏன் கேட்பதில்லை? ஓர் அந்நியர் கலீஃபாவின் அரண்மனைக்குள் நுழைந்து, கடனைப் பேரம் பேசும் பொருளாக எடுத்து வைக்கும் நிலை எப்படி ஏற்பட்டது? அந்தக் கடனை வாங்கியவர் யார்? எதற்காக வாங்கினார்?

1838இலிருந்து தொடங்க வேண்டும். எகிப்தின் ஆளுநர் முஹம்மது அலி பாஷா அப்போது சுல்தானுக்கே சவாலாக வளர்ந்திருந்தார். பருத்தி முதலிய விளைபொருள்களைத் தாமே கொள்முதல் செய்து விற்று, அந்த வருவாயில் ஆலைகளையும் படையையும் கட்டியவர் அவர். அவரை அடக்க இஸ்தான்புல்லுக்குப் பிரிட்டனின் துணை தேவைப்பட்டது. அதற்கான விலைதான் பால்டா லிமான் வணிக ஒப்பந்தம். பேரரசு முழுவதும் அரசின் தனிக் கொள்முதல் உரிமைகள் ஒழிக்கப்பட்டன. பிரிட்டிஷ் சரக்குக்கு 5 விழுக்காடு வரி செலுத்தினால் போதும். அதன்பின் அது எங்கும் செல்லலாம். உள்நாட்டு முஸ்லிம் வணிகரோ தம் சரக்கை ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குக் கொண்டு செல்ல 8 விழுக்காடு கட்ட வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த 8 விழுக்காட்டை விதித்தது எந்த அந்நியச் சபையும் அல்ல. கலீஃபாவின் சொந்த அரசு. மான்செஸ்டர் துணி வந்து இறங்கியபோது பல ஊர்களின் தறிகள் ஓய்ந்தன. தன் தொழிலாளியிடம் வரி வாங்கி அந்நியனுக்குச் சலுகை கொடுத்த அரசைக் கவிழ்க்கத் தனியாக ஒரு சூழ்ச்சியும் வேண்டுமா?

அடுத்தது கடன். கிரிமியப் போரின்போது, 1854இல், உஸ்மானிய அரசு முதன்முதலாக ஐரோப்பியச் சந்தையில் கடன் வாங்கியது. பத்திரத்தில் எழுதிய தொகை 30 இலட்சம் பவுண்டு. வட்டி 6 விழுக்காடு. ஆனால் 100 பவுண்டு பத்திரம் 80 பவுண்டுக்கே விற்கப்பட்டது. கைக்கு வந்தது 80, வட்டியோ 100க்கு. அதாவது உண்மை வட்டி ஏழரை விழுக்காடு. தரகுக் கூலி வேறு. திருப்பிச் செலுத்த வேண்டியதும் முழு 100. போர் முடிந்த பின்னும் கடன் நிற்கவில்லை. போர்க்கப்பல்களுக்கும் அரண்மனைகளுக்கும் பழைய கடனின் வட்டிக்குமாகப் புதுக்கடன் வாங்கப்பட்டது. 20 ஆண்டுகளில் பத்திரங்களில் எழுதப்பட்ட மொத்தக் கடன் சுமார் 20 கோடி பவுண்டை எட்டியது. அரசின் வருவாயில் பாதிக்கும் மேல் கடனுக்கே போயிற்று.

1875 அக்டோபரில் அரசு கையை விரித்தது. வட்டியில் பாதியை மட்டுமே ரொக்கமாகத் தர முடியும் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு ரமளான் மாதத்தில் வந்ததால் வரலாற்றில் அதற்கு ‘ரமளான் ஆணை’ என்றே பெயர். 1881 டிசம்பரில் கடன்காரர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு ‘முஹர்ரம் ஆணை’ என்று பெயர். வட்டியைக் குர்ஆன் எத்துணைக் கடுமையாக எச்சரிக்கிறது என்பதை அறிந்த ஓர் அரசு, தன் திவால் ஓலைகளுக்குப் புனித மாதங்களின் பெயர் நிலைக்கும்படி விட்டது. இந்த வேதனையை எந்தப் பயானிலும் நாம் கேட்டதில்லை.

முஹர்ரம் ஆணையால் பிறந்ததே ‘துயூனே உமூமிய்யா’ எனும் பொதுக்கடன் நிர்வாகம். அதன் அவையில் எழுவர். பெரும்பான்மையோர் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி நாட்டுக் கடன்காரர்களின் பிரதிநிதிகள். உப்பு, புகையிலை, பட்டு, மீன், முத்திரைத்தாள் ஆகியவற்றின் வரி வருவாய் அந்த அவையிடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்காலத்தில் அரசின் நிதி அமைச்சகத்தை விடவும் அதிக ஊழியர்கள் அதில் இருந்தனர். அனத்தோலியாவின் ஓர் ஏழைத் தாய் கஞ்சியில் போட்ட உப்பின் வரி லண்டனுக்கும் பாரிசுக்கும் போயிற்று. புகையிலையின் தனியுரிமை 1883இல் ‘ரெஜி’ எனும் அந்நிய நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தன் நிலத்தில் விளைந்ததை வேறொருவருக்கு விற்ற விவசாயி கள்ளக்கடத்தல்காரன் ஆனான். அவனைத் துரத்த நிறுவனத்துக்கென்றே ஆயுதம் தாங்கிய காவலர்கள் இருந்தனர். கலீஃபாவின் பெயர் ஜும்ஆ குத்பாவில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. வரி வாங்கும் கை வேறாயிற்று.

அப்துல் ஹமீத் அரியணை ஏறியது 1876இல். கடன் அவருக்கு முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. ஆகவே அவரைக் குற்றவாளி ஆக்குவது நம் நோக்கமன்று. தலைவரின் ஈமான் ஒன்றே போதும் என்போருக்கு மட்டும் நினைவூட்டுகிறோம்: பேணுதலானவர் என்று நீங்களே போற்றும் அந்த சுல்தானின் ஆட்சியில்தான் முஹர்ரம் ஆணை வெளியாயிற்று.

எகிப்தின் கதை இன்னும் விரைவாக முடிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியபோது கதீவ் இஸ்மாயில் வாரியிறைத்தார். விலை இறங்கியபோது கடன் நின்றது. 1875 நவம்பரில் சூயஸ் கால்வாயின் 1,76,602 பங்குகளை ஏறத்தாழ 40 இலட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனிடம் விற்றார். 1878இல் அவருடைய அமைச்சரவையில் நிதி ஓர் ஆங்கிலேயரிடமும் பொதுப்பணி ஒரு பிரெஞ்சுக்காரரிடமும் இருந்தன. 1879இல் ஐரோப்பிய அரசுகள் வற்புறுத்த, அவரைப் பதவியிலிருந்து நீக்கியது அதே சுல்தானின் தந்தி. 1882இல் அஹ்மத் உராபி பாஷாவின் தலைமையில் எகிப்தியர் எழுந்தபோது பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தகர்த்தன. கலீஃபாவோ உராபியைக் கலகக்காரர் என்று அறிவித்தார்.

அந்த உராபிதான் நம் இலங்கைச் சகோதரர்கள் ‘ஒறாபி பாஷா’ என்று நினைவுகூரும் மனிதர். 1883 முதல் 1901 வரை அவர் இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தார். ‘முஸ்லிம் நேசன்’ எனும் தமிழ் இதழை நடத்திய சித்திலெப்பையோடு சேர்ந்து, 1892இல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரி தோன்றத் துணைநின்றார். கடன்காரர்களால் நாட்டை இழந்த அவர், தம்மை வரவேற்ற தமிழ் பேசும் முஸ்லிம்களுக்குச் சூழ்ச்சிக் கதைகளைக் கொடுத்துச் செல்லவில்லை. பள்ளிக்கூடம் கட்ட உதவினார்.

“பொருளாதாரம் துன்யாவின் விஷயம், மத்ரஸாவுக்கு எதற்கு?” என்று சிலர் கேட்பர். குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? கடனை எழுதி வைப்பதைப் பற்றிய 2:282. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகைக்குள்ளேயே கடன் சுமையிலிருந்து பாதுகாவல் தேடினார்கள். அப்படியிருக்க, பல மத்ரஸாக்களில் ஃபிக்ஹ் நூலின் தூய்மைப் பாடத்துக்கு மாதக்கணக்கில் ஒதுக்குகிறார்கள். வணிகப் பாடத்தைச் சில வாரங்களில் ஓட்டி முடிக்கிறார்கள். ஓதி வெளிவரும் மாணவர் மேடையேறி வரலாறு பேசும்போது சூழ்ச்சியைத் தவிர வேறென்ன சொல்வார்? யூதர் மீது பழி போடுவது எளிது. ஆனால் அந்தப் பத்திரங்களை வாங்கியோர் பெரும்பாலும் சாதாரண ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும். இஸ்தான்புல்லின் கலாத்தா வட்டிக்கடைக்காரர்களில் கிரேக்கரும் ஆர்மீனியரும் யூதரும் கலந்திருந்தனர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் நம் பாஷாக்கள்.

நம் வீடுகளுக்கு இது புரியாத செய்தி அன்று. மகளின் திருமணத்துக்கு நகையை அடகு வைத்த குடும்பத்தில், அடுத்த மகனை என்ன படிக்க வைப்பது என்பதைத் தந்தையா முடிவு செய்கிறார், மாதத் தவணையா? அரசுக்கும் அதே நிலைதான் வந்தது.

இனி மார்ச் 3 செய்தியை அனுப்புவோர் இதையும் சேர்த்து அனுப்பட்டும்: கிலாஃபத்தை ஒழித்தவர்கள் அதன் கடனை ஒழிக்கவில்லை. 1923 லொசான் ஒப்பந்தத்தின்படி பங்கிடப்பட்ட அந்தக் கடனில் தன் பங்கின் கடைசித் தவணையைத் துருக்கி கட்டியது 1954இல்; முதல் கடன் வாங்கிச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து. இஸ்தான்புல்லில் பொதுக்கடன் நிர்வாகம் இருந்த மாளிகை இன்றும் நிற்கிறது. அங்கே இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளி நடக்கிறது.