எஃகு நகரின் வாழ்க்கைத் தரம்

ஒரு நகரில் மக்கள் நன்றாக வாழ்கிறார்களா என்பதை எதைக் கொண்டு அளப்பது? பிரேசில் நாட்டில், ரியோ டி ஜெனீரோ மாநிலத்திலுள்ள வோல்டா ரெடோண்டா நகரைப் பற்றி அறியும்போது இக்கேள்வி நம்மை விடுவதில்லை. ஏறத்தாழ 2,60,000 மக்கள் வாழும் நடுத்தர நகரம். 2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி இதன் மனித வளர்ச்சிக் குறியீடு 0.771, மாநிலத்தில் நான்காவது இடம். கல்வி, வருமானம், ஆயுள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஆனால் இதே நகரில் கொடியில் காயப்போட்ட துணியில் கறுப்புத் தூள் படிகிறது. காலையில் துடைத்த தரையை மாலையில் மீண்டும் துடைக்க வேண்டும். குறியீட்டில் அதற்கு இடமில்லை.

தூள் வருவது உருக்காலையிலிருந்து. 1941இல் வர்காஸ் அரசு தொடங்கிய தேசிய உருக்காலை நிறுவனம், 1946இல் உற்பத்திக்கு வந்தது. நகரமே ஆலைக்காகப் பிறந்தது எனலாம். வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் ஆலை தந்தவை. ஆகவே புகையைக் குறை சொல்வது, சோறு போட்ட கையைக் குறை சொல்வது போல் பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

1988 அக்டோபரில் வந்த புதிய அரசியலமைப்பு, தொடர் ஷிப்டில் உழைப்போருக்கு ஆறு மணி நேர வேலையை உறுதி செய்தது. அடுத்த மாதமே அதையும் ஊதிய உயர்வையும் கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நவம்பர் 9ஆம் நாள் இராணுவம் ஆலைக்குள் புகுந்தது. மூன்று தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர். கட்டடக் கலைஞர் ஆஸ்கார் நிமையர் வடிவமைத்த நினைவுச்சின்னம் 1989 மே முதல் நாள் திறக்கப்பட்டது. மறுநாளே குண்டுவைத்துத் தகர்த்தனர். மீண்டும் நிறுத்தப்பட்ட அச்சின்னத்தில் அந்த வடுக்கள் மறைக்கப்படவில்லை.

அப்போது அங்கு ஆயராக இருந்தவர் வால்டிர் காலெய்ரோஸ். 1966 முதல் 1999 வரை அம்மறைமாவட்டத்தை வழிநடத்தியவர். இராணுவ ஆட்சிக் காலத்தில் சித்திரவதைகளை வெளிப்படையாகக் கண்டித்தவர். வேலைநிறுத்தத்திலும் தொழிலாளர் பக்கமே நின்றார். அறிக்கை ஒன்று விட்டுவிட்டு ஒதுங்கும் நம் வழக்கத்தை நினைத்தால் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

1993இல் ஆலை தனியார் கைக்குப் போனது. பிறகு வந்த துன்பம் ஓசையில்லாதது. தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட வோல்டா கிராண்டே குடியிருப்பின் ஒரு பகுதியில், மண்ணில் ஆலைக் கழிவின் நச்சு கலந்திருப்பது தெரியவந்து, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. உழைத்துப் பெற்ற வீடு அது. விற்கவும் மனமில்லை, பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விடவும் மனமில்லை. ஆலையை மூடிவிடலாம் என்று தூரத்திலிருந்து சொல்வது நமக்கு எளிது. கூலியும் தூளும் ஒரே புகைபோக்கியின் கீழிருந்து வருகின்றன என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்பது மூடுவதையல்ல. வடிகட்டியையும் பொறுப்பான கணக்கையும்தான். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே நாம் கருதுகிறோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடல், மனித வாழ்வின் தரம் தாழ்வதைத் தனிப்பகுதியாகவே பேசுகிறது. பிரேசில் ஆயர் பேரவையும் 2025ஆம் ஆண்டுத் தவக்கால சகோதரத்துவ இயக்கத்திற்கு ஒருங்கிணைந்த சூழலியலைக் கருப்பொருளாக எடுத்தது.

நகரின் நடுவே வளைந்தோடும் ஆறு பரைபா தோ சுல். 1717இல் மீனவர் மூவரின் வலையில் அப்பரெசிதா அன்னையின் திருவுருவம் சிக்கியது இதே ஆற்றில்தான், சற்று மேலே. ஆற்றங்கரைக்கு அருகே இன்று ஆலைக் கசடு குன்றாகக் குவிந்திருக்கிறது. அதைக் கடந்து கீழே போகும் நீரின் பெரும்பகுதி திருப்பிவிடப்பட்டு, ரியோ மாநகர மக்களுக்குக் குடிநீராகிறது.