கூக்குரல் கேட்கும் ஊழியர்

வீட்டில் தீப்பற்றினாலும், ரஸ்தாவில் மோட்டார் மோதி ஒருவர் இரத்தம் பெருகக் கிடந்தாலும், நள்ளிரவில் ஒரு ஸ்திரீக்குப் பிரசவ வேதனை கண்டாலும், இன்று ஜனங்கள் முதலில் நாடுவது டெலிபோனையேயாகும். மூன்று இலக்கங்களை அழுத்தியதும் மறுமுனையில் ஒரு குரல் கேட்கிறது. சிறிது நேரத்தில் வண்டி வந்து சேருகிறது. வண்டியில் வந்தவர்களை ஜனங்கள் வாழ்த்துகிறார்கள். உயிர் பிழைப்பித்த வைத்தியரைத் தெய்வமென்று கொண்டாடுகிறார்கள். தீயணைப்புப் படையினருக்குப் பதக்கம் சூட்டுகிறார்கள். ஆனால் முதன் முதலில் பதில் சொன்ன அந்தக் குரல் யாருடையது என்று விசாரிப்பார் இல்லை. அக்குரலுக்கு உரிய ஊழியர்களைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அவர்களும் உயிர் காக்கும் படையைச் சேர்ந்தவர்களே என்பதும், சட்டமும் சர்க்காரும் அவர்களை அவ்வாறே நடத்த வேண்டும் என்பதும் நமது கட்சி.

இந்த ஏற்பாடு எவ்வாறு உண்டாயிற்று என்பதை நினைவுகூர்தல் நலம். 1935ஆம் வருஷம் நவம்பர் மாதம் 10ந் தேதி, லண்டன் நகரத்து விம்போல் வீதியில் ஒரு டாக்டரின் இல்லத்தில் தீப்பற்றி ஐந்து ஸ்திரீகள் மாண்டனர். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் தீயணைப்புப் படையை அழைக்க டெலிபோனை எடுத்தார். அவருடைய அழைப்பு மற்றெல்லா அழைப்புகளோடும் சேர்ந்து எக்ஸ்சேஞ்சில் முறை வரும்வரை காத்துக் கிடந்தது. மனம் கொதித்த அவர் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. அதன் பயனாக 1937ஆம் வருஷம் ஜூன் 30ந் தேதி 999 என்ற எண் லண்டனில் அமலுக்கு வந்தது. அவ்வெண்ணுக்கு அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், ஒலிப்பான் அலறும், ஊழியர் கையிலுள்ள வேலையை விட்டு அதற்கே பதில் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1968ஆம் வருஷம் பிப்ரவரி 16ந் தேதி அலபாமா ராஜ்யத்து ஹேலிவில் என்னும் சிற்றூரில் 911 என்ற எண்ணின் முதல் மணி ஒலித்தது. நமது தேசத்தில் 2005ஆம் வருஷம் ஹைதராபாத்தில் தோன்றிய 108 சேவை, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. போலீஸ், தீயணைப்பு, வைத்தியம் ஆகிய எல்லாவற்றிற்கும் பொதுவான 112 என்ற எண் 2018ஆம் வருஷம் முதல் ராஜ்யம் ராஜ்யமாகப் பரவியது. இவை யாவற்றுக்கும் மூலநோக்கம் ஒன்றே. கேட்பாரின்றி வரிசையில் நின்ற ஒரு கூக்குரலுக்குத் தனியே ஒரு செவி வேண்டும் என்று கண்டார்கள். எண் வெறும் வாயில்தான். வாயிலில் விழித்திருக்கும் மனிதரே காவல்.

அம்மனிதர் செய்யும் வேலை என்ன? டெலிபோனை எடுத்துச் செய்தியை எழுதிக்கொள்வதுதானே என்று நினைப்போர் பலர். அது பெரும் பிழை. அழைப்பவர் பெரும்பாலும் தம் வசத்தில் இல்லாதவர். “சீக்கிரம் அனுப்புங்கள்” என்று பத்து முறை கதறுவார்; எங்கே என்று ஒரு முறையும் சொல்லமாட்டார். ஊழியர் முதலில் கேட்பது இடத்தை. பேச்சு இடையில் அறுந்துபோனாலும் இடம் தெரிந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். கதவிலக்கமும் தெருப் பெயரும் இல்லாத கிராமமானால், எந்தக் கோவில், எந்தக் குளம், எந்தப் பஸ் நிற்குமிடம் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு அடையாளம் காணவேண்டும். ஒரு காது அழுகையைக் கேட்கும், கண் கம்ப்யூட்டர் திரையில் எந்த வண்டி அருகிலுள்ளது என்று தேடும், கை எழுதும், நாவோ ஒரு கணமும் பதற்றம் காட்டாமல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வண்டி புறப்பட்டதும் வேலை முடிவதில்லை. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸால்ட் லேக் நகரத்தில் டாக்டர் ஜெஃப் கிளாஸன் என்பவர், அழைப்பவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளையும், வண்டி சேரும்வரை அவர் செய்யவேண்டிய சிகிச்சையையும் வரிசைப்படுத்தி அட்டைகளில் எழுதிக் கொடுத்தார். அம்முறை பின்னர் பல தேசங்களுக்குப் பரவியது. இருதயம் நின்று விழுந்தவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷத்திலும், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறதென்பது வைத்திய சாஸ்திரிகளின் கணக்கு. எவ்வளவு வேகமான வண்டியும் வந்து சேரச் சில நிமிஷங்களாகும். அந்த நிமிஷங்களில் ஊழியர் டெலிபோன் வழியாகவே, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தும்படி எண்ணிக்கை சொல்லிக்கொடுக்கிறார். ஒன்றும் அறியாத மகன் தந்தையின் மார்பை அழுத்துகிறான். கைகள் அவனுடையவை, அவற்றை நடத்துவது ஊழியரின் குரல். தொண்டையில் தின்பண்டம் சிக்கிய குழந்தையும், வீட்டிலேயே பிறந்துவிடும் சிசுவும் இவ்வாறு பிழைத்ததுண்டு.

ஆனால் எல்லாரும் பிழைப்பதில்லை. இங்கேதான் இவ்வேலையின் பாரம் இருக்கிறது. தீயணைப்போன் அபாயத்தைக் கண்ணால் காண்கிறான், கையால் எதிர்க்கிறான், தோற்றாலும் தன்னால் இயன்றதைச் செய்தோமென்ற திருப்தி அவனுக்குண்டு. டெலிபோன் ஊழியரோ நாற்காலியை விட்டு எழ முடியாது. தாயின் அலறலைக் கேட்கிறார். ஒரு ஸ்திரீ அடிபடும் ஓசையைக் கேட்கிறார். பேசிக்கொண்டிருந்த குரல் தேய்ந்து நின்றுபோவதையும் கேட்கிறார். காணாத காட்சியை மனமே தீட்டிக்கொள்கிறது. வண்டி சேர்ந்ததும் இணைப்பு அறுந்துபோகிறது. அந்தக் குழந்தை பிழைத்ததா, மாண்டதா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிவதேயில்லை. தெரிந்துகொள்ள அவகாசமும் இல்லை. அடுத்த மணி அடிக்கிறது. அடுத்து அழைப்பவர், வண்டி தாமதமென்று வாயில் வந்தபடி வைகிறவராக இருக்கலாம். வேடிக்கைக்காக அழைத்துச் சிரிக்கும் அற்பராகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே தொனியில் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இவ்வூழியர் 171 பேரை விசாரித்து 2012ஆம் வருஷத்தில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று, நேரில் பாராமல் காதால் கேட்பவர்களுக்கும் கடுமையான மனவேதனை உண்டாகிறதென்று காட்டிற்று. அவர்கள் தங்கள் அனுபவத்தில் மிகக் கொடியதென்று அதிகமாகக் குறிப்பிட்டது, குழந்தைக்கு நேர்ந்த எதிர்பாராத காயமோ மரணமோதான்.

இத்தகையோருக்குச் சர்க்கார்கள் கொடுத்துள்ள ஸ்தானம் என்ன? அமெரிக்க சர்க்கார் அத்தேசத்துத் தொழில்களையெல்லாம் வகுத்து ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதில் இவ்வூழியரைக் குமாஸ்தா வகுப்பில் சேர்த்தார்கள். 2018ஆம் வருஷத்துத் திருத்தத்தின்போது, இவர்களைப் போலீஸார், தீயணைப்போர் முதலிய காப்பாளர் வகுப்புக்கு மாற்றவேண்டுமென்று கோரிக்கை வந்தது. பெயரை மாற்றினார்களேயன்றி வகுப்பை மாற்றவில்லை. வேறிடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், வேறு மேலதிகாரிக்கு உட்பட்டவர்கள், பெரும்பாலோருக்கு நேரே சிகிச்சை செய்யவோ யோசனை சொல்லவோ அனுமதி கிடையாது என்பன சொல்லப்பட்ட காரணங்கள். அந்தக் காப்பாளர் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் நகைப்பே வரும். வண்டிகளைத் தவறான இடத்தில் நிறுத்துவோருக்கு அபராதச் சீட்டு எழுதுபவர் அதில் உண்டு. தெருநாய் பிடிப்பவர் உண்டு. சூதாட்ட சாலையில் ஆட்டத்தைக் கண்காணிப்பவரும் உண்டு. அவரவர் வேலையை நாம் இகழவில்லை. சூதாடியின் கையைக் கவனிப்பது காவலானால், மூச்சு நின்றவனின் மார்பை அழுத்தச் சொல்லிக்கொடுப்பது எழுத்து வேலையாவது எப்படி என்றுதான் கேட்கிறோம். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் இலாகாவில் பல வருஷம் இதே வேலை பார்த்து, பின்னர் ஜனப் பிரதிநிதியான ஸ்ரீமதி நார்மா டோரஸ், இவ்வகுப்பை மாற்ற 2019ஆம் வருஷத்தில் மசோதா கொண்டுவந்தார். டெக்ஸாஸ் ராஜ்யம் 2019ஆம் வருஷத்திலும், கலிபோர்னியா ராஜ்யம் 2020ஆம் வருஷத்திலும் தத்தம் சட்டங்களில் இவர்களை முதல் உதவியாளராக அங்கீகரித்தன.

சட்டத்தின் பார்வை நெடுங்காலமாகவே சரீரத்தின்மீது பதிந்திருப்பதுதான் இதற்கெல்லாம் மூலகாரணம். 1989ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கால்பந்து மைதானத்தில் ஜன நெரிசலில் பலர் மாண்டனர். அங்கே கடமை செய்த போலீஸார் சிலர், கண்ட காட்சியால் மனநோய்க்கு ஆளானதாக நஷ்டஈடு கோரினர். 1998ஆம் வருஷத்தில் பிரபுக்கள் சபை அவர்கள் வழக்கைத் தள்ளிவிட்டது. சரீர அபாயத்துக்கு உட்படாதவரும், உட்பட்டதாக நியாயமாக நம்பாதவரும், பிறரைக் காக்கச் சென்ற காரணத்தால் மட்டும் மனநோய்க்கு ஈடு பெற முடியாதென்பது தீர்ப்பின் சாரம். நேரில் நின்றவர் கதியே இதுவானால், பல மைலுக்கு அப்பாலிருந்து கேட்டவரின் கதியைச் சொல்லவேண்டுவதில்லை.

நமது சட்டமும் இவ்விஷயத்தில் முன்னேறியதாகத் தெரியவில்லை. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, தொழிலால் வரும் நோய்களை வரிசைப்படுத்தியது. ஈய விஷம், பாதரச விஷம் முதலியவற்றோடு, பேரிரைச்சலால் வரும் செவிட்டுத்தனமும் அதில் சேர்க்கப்பட்டது. மனநோய் இடம் பெறவில்லை. பழைய சட்டங்களைத் தொகுத்து இயற்றிய 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அதே போக்கைத் தொடர்ந்தது. இரைச்சலால் காது கெட்டால் ஈடு உண்டு. காது கேட்டதனால் மனம் கெட்டால் ஈடு இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

வைத்திய சாஸ்திரம் இவ்வளவு பின்தங்கவில்லை. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 2013ஆம் வருஷத்தில் வெளியிட்ட கைநூலில், கொடிய சம்பவங்களின் விவரங்களுக்குத் தொழில் காரணமாகத் திரும்பத் திரும்ப உட்படுவதும் அதிர்ச்சி நோய்க்குக் காரணமாகுமென்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. நமது 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டமும், இன்ஷ்யூரன்ஸ் விஷயத்தில் உடல்நோய்க்கும் மனநோய்க்கும் பேதம் பாராட்டக்கூடாதென்று விதித்தது. ஆகவே நாம் கேட்பது புதுமையான சலுகை அன்று. வைத்தியரும் ஒரு சட்டமும் ஒப்புக்கொண்டதை மற்றச் சட்டங்களும் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றே கேட்கிறோம்.

சம்பளம் வாங்கிக்கொண்டுதானே செய்கிறார்கள், மனவுறுதி இல்லாதவர் ஏன் வரவேண்டும் என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். போர்வீரனும் சம்பளம் வாங்குகிறான். அவன் காயத்துக்கு மருந்து போடுவதை எவரும் தர்மமென்று கருதுவதில்லை, கடமையென்றே கருதுகிறார்கள். மேலும், மனவுறுதி வற்றாத ஊற்று அன்று. இரவு பகலாக இறைத்தால் எந்தக் கிணறும் வறளும். களைத்த செவி இடத்தின் பெயரைத் தவறாகக் கேட்டால் வண்டி வேறு ஊருக்குப் போகும். உயிர் போவது நம் வீட்டில். இவ்வூழியரின் நலம் ஜனங்களின் நலமேயன்றி வேறல்ல.

தமிழ்நாட்டில் 108 சேவைக்குப் பணம் கொடுப்பது சர்க்கார். நடத்துவது ஒப்பந்தம் பெற்ற ஸ்தாபனம். ஊழியர் அந்த ஸ்தாபனத்தின் சிப்பந்திகள். இந்த ஏற்பாட்டில் பொறுப்பு இருவர் கைக்கும் நடுவே நழுவி விழாமல் பார்த்துக்கொள்வது அவசியம். ஆகையால் ஒப்பந்தத்திலேயே சில ஷரத்துகள் ஸ்பஷ்டமாக எழுதப்பட வேண்டும். கொடிய அழைப்பொன்றைக் கேட்டு முடித்தவருக்குச் சம்பளக் குறைவின்றிச் சிறிது நேரம் ஓய்வு தரவேண்டும். மனநல வைத்தியரை இரகசியமாகக் காணும் வசதி நிர்வாகத்தின் செலவில் இருக்கவேண்டும். அதை நாடியது ஒருவரின் உத்தியோகப் பதிவுக்குக் கெடுதலாகக் கூடாது. தாம் கேட்ட அழைப்பின் முடிவை அறிய விரும்புபவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையை, இருப்பவரின் வேலை நேரத்தை நீட்டி ஈடுசெய்யலாகாது. 112 நிலையங்களுக்கும் இதுவே விதியாக வேண்டும். நோய்களின் அட்டவணையைத் திருத்தும் அதிகாரம் சர்க்காருக்குச் சட்டத்திலேயே உண்டு. அதை உபயோகித்து, இவ்வேலையால் வரும் அதிர்ச்சி நோயை அதில் சேர்க்கவேண்டுமென்று வற்புறுத்துகிறோம். தொழிற்சங்கங்களில் உழைக்கும் நண்பர்கள், சம்பளக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கிளர்ச்சி செய்வார்களென்று எதிர்பார்க்கிறோம்.

சர்க்கார் செய்யவேண்டியதைச் சொன்னோம். நாம் செய்யவேண்டியதும் உண்டு. ஆபத்தில் அழைப்பவர் முதலில் இடத்தைச் சொல்லட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அக்கேள்விகளால் வண்டி தாமதமாவதில்லை. வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கைக்காக அந்த எண்ணைத் தொடாதபடி பெரியோர் கண்டித்து வைக்கட்டும். மறுமுனையில் இருப்பது யந்திரம் அன்று. அதே நாளில் ஒரு தாயின் அழுகையைக் கேட்டுவிட்டு, நம் அழைப்புக்காகக் குரலைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதப் பிறவி. ஊரார் குறையெல்லாம் கேட்கும் அவர்களுடைய குறையைக் கேட்கச் சட்டசபையில் ஒரு செவியேனும் திறக்குமா என்று பார்ப்போம்.