கல் கைமாறுமுன் ஒரு படம்

இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலவின் மாணிக்கக் குழிகளில் சரளையை அரித்துக் கல் பொறுக்குபவருக்குக் கண்தான் கருவி. கல்லை வெளிச்சத்துக்குப் பிடித்து, விரலால் உருட்டி உருட்டிப் பார்ப்பார். வாங்க வருபவரும் அப்படித்தான் பார்க்கிறார். ஆனால் அவர் கையில் உருப்பெருக்கி இருக்கிறது, பின்னால் ஆய்வகம் இருக்கிறது. விலை பேசும் நேரத்தில் அந்த இடைவெளி விற்பவரின் வயிற்றில் அடிக்கிறது.

1970களில் இந்த இடைவெளியின் விலை தெரிந்தது. பால்போல மங்கியிருக்கும் கெவுடாக் கற்களை இங்கே யாரும் மதிக்கவில்லை. தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, கடும் வெப்பத்தில் சூடாக்கி, நீலக்கல்லாக விற்றார்கள். கல்லுக்குள் என்ன இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே இருப்பது 'பட்டு'. ரூட்டைல் எனும் கனிமத்தின் நுண்ணிய ஊசிகள், மூன்று திசைகளில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். உயர் வெப்பத்தில் அவை கரைந்து புள்ளிப் புள்ளியாக உடைந்துபோகும். ஊசிகள் முழுதாக இருந்தால், அந்தக் கல் கடுஞ்சூடு காணாதது என்பதற்கு அது வலுவான அடையாளம். சூடாக்காத நல்ல நீலக்கல்லுக்கு விலையும் கூட.

இந்தப் பட்டைப் படம்பிடிக்க, யூஎஸ்பி நுண்ணோக்கியும் இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்ட பழைய கணினியும் போதும். அப்படிப்பட்ட நுண்ணோக்கிகளில் பெரும்பாலானவை வெப்கேம் பேசும் அதே மொழியைப் பேசுகின்றன. அதற்கான இயக்கி 2008 முதல் லினக்ஸின் கருநிரலிலேயே இருக்கிறது. செருகினால் படம் வரும், உரிமக் கட்டணம் கிடையாது.

முன்பு இது இவ்வளவு எளிதாக இல்லை. கணினிக்குள் காட்சியைக் கொண்டுவந்த 1990களின் டிவி அட்டைகள் படத்தைக் கணினியின் திரை நினைவகத்திலேயே நேரடியாக எழுதின. மெதுவான கணினிக்கு அது வரம்தான். ஆனால் பல கணினிகளில் திரையைப் படம்பிடித்தால், காட்சி இருந்த இடத்தில் ஒற்றை நிறக் கட்டம்தான் மிஞ்சும். பார்க்கலாம், ஆதாரமாக வைத்துக்கொள்ள முடியாது. இன்று ஒவ்வொரு சட்டகமும் கணினியின் கைக்கு வருகிறது. அதன்மேல் மில்லிமீட்டர் அளவுகோலையும் தேதியையும் பதித்தே சேமிக்கலாம்.

தமிழிலும் பதிக்கலாம். காணொளியைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் படத்தின்மேல் எழுதும் வசதி நீண்ட காலம் தமிழைச் சிதைத்தது. 'கெவுடா' என்று கொடுத்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் 2023இல் அதனுடன் சேர்ந்தபின் அந்தக் குறை தீர்ந்தது.

இந்தப் படம் ஆய்வகச் சான்றிதழ் ஆகாது. குறைந்த வெப்பத்தில் சூடாக்கிய கல்லைப் பட்டை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. கண்ணாடியையும் செயற்கைக் கல்லையும் இனங்காண வேறு சோதனைகள் வேண்டும். ஆனாலும், ஒரு கல் பேருவளை மாணிக்கச் சந்தைக்குப் போகும் முன் அதன் உள்ளமைப்பு, அளவு, தேதி மூன்றும் விற்பவரிடம் பதிவாக இருப்பது பெரிய காரியம். திரும்பி வரும் கல் அதே கல்தானா என்று கேட்க அவருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது.

தோட்டப் பாடசாலைகளில் கணினி கற்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான செய்முறைப் பாடம் இல்லை. மாகாணக் கல்வித் திணைக்களமும் இரத்தினக்கல் அதிகாரசபையும் சேர்ந்து, இரத்தினபுரி மாவட்டத்தின் சில பாடசாலைகளுக்காவது ஒரு நுண்ணோக்கி, ஒரு விளக்கு, அளவுகோல் பொறித்த ஒரு கண்ணாடித் தகடு கொடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் கணினிக் கூடத்தைத் திறந்து வைத்தால், அப்பா காகிதத்தில் மடித்துக் கொண்டுவரும் கல்லை மகளே படம்பிடித்துக் கொடுப்பாள்.